ஜீப்பை எத்தனை இன்ச் தூக்கலாம்?

பி.காம் படிக்கிறவனுக்கும் ஜீப்புக்கும் என்னடா சம்பந்தம்னு கேக்காதீங்க. சத்தியமா எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆனா எங்க மாமா (அம்மாவோட தம்பி) எந்தச் செலவா இருந்தாலும், "மாப்ள, ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு"ம்பார். போன வருஷம் அவர் கேட்ட கணக்கு இது: தன்னோட பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்புக்கு 4 இன்ச் லிஃப்ட் கிட் போடலாமா, வேண்டாமா?

லிஃப்ட் கிட்னா வேற ஒண்ணுமில்லை, வண்டியோட பாடியையும் சேஸிஸையும் அச்சுலேர்ந்து இன்னும் மேல தூக்கி நிறுத்துற சாமான்கள். இந்த மாதிரி பட்டை ஸ்பிரிங் ஜீப்புக்கு அதிகமா வளைஞ்ச பட்டை, நீளமான ஷேக்கிள், அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல வைக்கிற இரும்புக் கட்டைன்னு வரும்.

மாமாவுக்கு இது ஸ்டைலுக்கு இல்லைங்க. சிவகாசி சுத்துப்பட்டுல பட்டாசு ஆலைக்குள்ள போயிருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு ஷெட்ல வெடிச்சா அடுத்த ஷெட்டுக்குப் பரவக்கூடாதுன்னு இடைவெளி விட்டுத்தான் கட்டணும். ஆலைகளும் ஊரை விட்டுத் தள்ளித்தான் இருக்கும். அதனால போற வழியெல்லாம் மண் ரோடு. ஐப்பசி மழையில கரிசல் மண்ணு டயர்ல அப்பிக்கிட்டா அவ்வளவுதான்! மாமா அந்த ஆலைகள்ல கட்டட வேலை எடுத்துச் செய்யறவர். மழை நாள்ல, வர்ற வழியில நிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைங்களையும் ஏத்திக்குவார். கணக்கு எனக்குப் பெருசாப் பட்டதே அந்தப் பிள்ளைங்களாலதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். தூக்கினா என்ன கிடைக்கும்? மூணு கோணம் கூடும். மேட்டுல ஏறும்போது முன் பம்பர் இடிக்காம இருக்க ஒண்ணு, இறங்கும்போது பின்பக்கம் உரசாம இருக்க ஒண்ணு, மேட்டு உச்சியில வயிறு தட்டாம இருக்க ஒண்ணு. 2020ல வந்த புது தாருக்கு கம்பெனி சொல்ற கணக்கு முன்னாடி 41.8 டிகிரி, நடுவுல 27, பின்னாடி 36.8. நடுக்கோணம்தான் குறைச்சல், பாத்தீங்களா? கண்மாய்க் கரையைத் தாண்டும்போது பல வண்டி வயித்துல அடிபடுறது அதனாலதான்.

ஆனா ஒரு விஷயம் கிடைக்காது. எம்.எம். 540ல முன்னாடியும் பின்னாடியும் முழு அச்சு. நடுவுல தொங்குற டிஃபரன்ஷியல் உருண்டை அச்சோட சேர்ந்தது. அச்சு நிக்கிறது டயர் மேல. பாடியை 4 இன்ச் என்ன, 10 இன்ச் தூக்கினாலும் அந்த உருண்டை அதே உயரத்துலதான் இருக்கும். அது மேல போகணும்னா டயர்தான் பெருசாகணும். டயர் விட்டம் 2 இன்ச் கூடினா உருண்டைக்குக் கிடைக்கிறது 1 இன்ச். நீளமான ஷேக்கிளும் இதே கதைதான், ஷேக்கிள் 2 இன்ச் நீண்டா வண்டி அந்தப் பக்கம் 1 இன்ச் உயரும்.

இப்ப செலவுப் பக்கம் வாங்க. நம்ம ஊர் தீப்பெட்டி ஒண்ணை எடுத்து மேசையில படுக்க வச்சு ஓரத்துல தள்ளுங்க, நகரும். நிமித்தி வச்சுத் தள்ளுங்க, கவுந்துடும். பாடியை உயர்த்தினா வெயிட்டெல்லாம் மேல போகுது, சக்கரத்துக்கு நடுவுல உள்ள அகலம் மட்டும் அப்படியே இருக்கு. பின்னாடி பெஞ்சுல எட்டுப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு வளைவுல ஒடிச்சா என்ன ஆகும்? இது போக ஸ்டீயரிங் அலையும், ப்ராப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் அதிகச் சாய்வுல சுத்தித் தேயும், பிரேக் ஹோஸ் நீளம் பத்தாமப் போகலாம்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி கொடுத்த ஒரிஜினல் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9ல கேரள வழக்கு ஒண்ணுல தெளிவாச் சொல்லிடுச்சு. நாளைக்கு ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ்காரங்க கேக்குற முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும்.

இதையெல்லாம் சொன்னதும் மாமா, "அப்ப என்னைய வயித்தத் தேச்சுக்கிட்டே போகச் சொல்றியா?"ன்னார். நியாயமான கேள்விதான். அதனால சாத்தூர் ரோட்டுல பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட போனோம். அவர் கிட்டைப் பத்திப் பேசவே இல்லை. டேப்பை எடுத்து, சக்கர நடுவுலேர்ந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் அளந்தார். அப்புறம் பட்டறையில நின்ன, புதுப் பட்டை போட்ட இன்னொரு 540ஐ அளந்தார். எங்க வண்டி பின்னாடி வலப்பக்கம் 2 இன்ச், இடப்பக்கம் ஒன்றரை இன்ச் குறைச்சல்! "தம்பி, உங்க மாமா சிமெண்ட் மூட்டையா ஏத்தி வண்டியை உக்கார வச்சுட்டார். போன உயரத்தை முதல்ல வாங்குங்க, அப்புறம் புது உயரத்தைப் பாக்கலாம்"னார்.

பழைய பட்டையைக் காய்ச்சி அடிச்சு வளைக்கலாமான்னு மாமா கேட்டார். முறையா பதம் ஏத்தலைன்னா சீக்கிரமே திரும்பத் தொங்கிடும்னு அண்ணாச்சி மறுத்துட்டார். கம்பெனி அளவுலயே நாலு பக்கத்துக்கும் புதுப் பட்டை, புது புஷ், புது யூ போல்ட். முதல் நாள் ராத்திரியே துருப்பிடிச்ச நட்டுல எல்லாம் எண்ணெய் ஊத்தி வச்சாங்க. காலையில சேஸிஸுக்கு ஸ்டாண்ட் கொடுத்து (வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில போகாதீங்க) ஒவ்வொரு அச்சாக் கழட்டினாங்க. கழட்டுனப்பதான் தெரிஞ்சது, பின்பக்கம் மூணாவது பட்டையில விரிசல். அது மேல கட்டை வச்சுத் தூக்கியிருந்தா?

யூ போல்ட்டைக் குறுக்கு மறுக்காக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்கினாங்க. ஷேக்கிள் போல்ட்டைக் கடைசியா இறுக்கினது வண்டியை நாலு சக்கரத்துலயும் இறக்கினதுக்கு அப்புறம்தான். அந்தரத்துல இறுக்கினா ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழிஞ்சிடுமாம். கொஞ்ச தூரம் ஓட்டினப்புறம் வந்து மறுபடி இறுக்கிக்கணும்னும் சொன்னார், இறுக்கிட்டோம்.

கிட்டுக்குச் சொன்ன விலையில பாதிக்கும் கீழதான் முடிஞ்சது. கண்மாய்க் கரையில இப்ப வயிறு தட்டலை. டிராக்டர் தடத்துல மட்டும் உருண்டை உரசுது. அதுக்கு வழி, ஒரு சக்கரத்தை நடுமேட்டுலயும் இன்னொண்ணைத் தடத்துக்கு வெளியிலயும் விட்டு ஓட்டுறது. அதுக்குக் காசு கிடையாது.

உங்க வீட்டுல யாராவது கிட் வாங்கக் கிளம்பினா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில குனிஞ்சு எது தரையில இடிச்ச தழும்போட இருக்குன்னு பாருங்க. உருண்டைன்னா கிட் உதவாது. வயிறுன்னா டேப்பை எடுத்து அளங்க. மாமா இன்னும் 4 இன்ச் ஆசையை விடலை. மழை நாள்ல பிள்ளைங்களை ஏத்துற வரைக்கும் என் கணக்குல அதுக்கு இடமில்லைன்னு சொல்லிட்டேன்.