விடைபெறும் முறை

கருவியை இணைப்பதிற் காட்டும் கவனத்தைப் பிரிப்பதிற் பலர் காட்டுவதில்லை. கல்முனைக்குடி மாணவன் ஒருவன், சிறு கணினிப் பலகையிலிருந்த கட்டுப்படுத்தி ஒன்றுக்கு லினக்ஸ் இயக்கி எழுதினான். வேலையற்ற வேளையில் அக்கருவி தானே உறங்கி மின்னை மிச்சப்படுத்தியது. 2009 இல் லினக்ஸின் 2.6.32 ஆம் பதிப்பில் இடம்பெற்ற ஏற்பாடு அது.

இயக்கியை அகற்றிய கணமே கணினி உறைந்தது. சேமியாத இரவுழைப்பு முழுவதும் அழிந்தது. உறங்கும் கருவியின் பதிவகத்தில் ‘நிறுத்து’ என எழுத முனைந்ததே தவறு. கடிகாரத் துடிப்பற்ற வன்பொருள் எவ்வாறு மறுமொழி கூறும்?

வட்டவிதானையாக இருந்த தந்தை கேட்டுவிட்டுச் சொன்னார்: “பொறுப்புக் குடுக்கிறவன் முதல்ல எழும்பி மடையப் பார்க்கணும் மகன், பொறகுதான் திறப்பக் குடுக்கணும்.”

முறையும் அதுவே. முதலிற் கருவியை விழிக்கச் செய்தல் வேண்டும். அடுத்துப் பணியையும் குறுக்கீடுகளையும் நிறுத்தல் வேண்டும். பின் உறக்க ஏற்பாட்டை முடக்குதல் வேண்டும். ஈற்றில் துடிப்பையும் மின்னையும் துண்டித்து, விழிப்புக்காக எடுத்த எண்ணிக்கையைத் திருப்பியளித்தல் வேண்டும். உறக்க ஏற்பாட்டை முடக்க மறப்பின், இயக்கி மீண்டும் ஏறும்போது கணக்குப் பிழைக்கும்.

அவ்வாறு திருத்தியபின், பன்முறை ஏற்றி இறக்கியும் கணினி உறையவில்லை. வருகையில் திறந்தவற்றை எல்லாம் விடைபெறுகையில் ஒழுங்காக மூடுதல், வயலுக்கும் கணினிக்கும் பொதுவான அறமன்றோ!