அரை மில்லிமீட்டர் இரும்பு

அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் எல்க் மானை ரைஃபிளால் வேட்டையாடப் பொது அனுமதி அக்டோபர் கடைசியில் தொடங்கி ஐந்து வாரம் நீடிக்கிறது. அதற்கு முந்தைய நாட்களில் துப்பாக்கிப் பட்டறைகளில் நிற்க இடமிருக்காது. நான் போயிருந்த பட்டறையில் சுவரோரம் சாத்தியிருந்த ரைஃபிள்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு தொங்கியது. பெரும்பாலான சீட்டுகளில் ஒரே வேண்டுகோள்: விசை கனமாக இருக்கிறது, லேசாக்கித் தர வேண்டும்.

வேண்டுகோளில் நியாயம் உண்டு. மூன்றரைக் கிலோ துப்பாக்கியின் விசையை இழுக்க இரண்டரைக் கிலோ அழுத்தம் வேண்டியிருந்தால், இழுக்கும்போதே குழல் அசைந்துவிடும். நூறு கெஜத்தில் ஒரு விரற்கடை விலகும் குறி முந்நூறு கெஜத்தில் மூன்று விரற்கடை விலகும். மான் சாகாமல் காயத்தோடு ஓடி, எங்கோ கிடந்து வதைபடும். வழக்குக்கு அஞ்சிய ஆலைகள் நெடுங்காலம் விசையைக் கனமாகவே வைத்து அனுப்பின.

பட்டறைக்காரர் எழுபதை நெருங்குபவர். விசைப் பெட்டி ஒன்றைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். தோட்டா அறையை அடைக்கும் போல்ட்டை மூடியதும் சுடும் ஊசியின் சுருள்வில் இறுகி நிற்கிறது. அந்த வில்லின் வேகத்தை மறித்துப் பிடிப்பது சியர் என்ற சிறு இரும்பு. சியருக்கு முட்டுக்கொடுப்பது விசையின் மேல்விளிம்பு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டு அமரும் அகலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதைக் கொஞ்சம் குறைத்தால் விசை இழுபடாமல் சட்டென்று விடுபடும். குறிபார்ப்பவருக்கு அது சுகம். அளவு மீறிக் குறைத்தால், துப்பாக்கி கைதவறி விழுந்தாலே வெடிக்கும். அவருடைய தொழில் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

மேசைமேல் ஒரு பழைய ரெமிங்டன் 700 கிடந்தது. 1962இல் சந்தைக்கு வந்து லட்சக்கணக்கில் விற்ற துப்பாக்கி. அதற்கு மைக் வாக்கர் வடிவமைத்த விசையில், கனெக்டர் என்ற சிறு துண்டு விசையோடு பிணைப்பில்லாமல் தனியே இருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது விலகிப் பிறகு தன் இடத்தில் வந்து அமர வேண்டும். விசைக்கும் அதற்கும் நடுவில் தூசியோ, இறுகிப்போன எண்ணெயோ சிக்கினால் சரியாக அமராது, சேஃப்டி என்ற பாதுகாப்புப் பூட்டை விடுவித்தாலே வெடிக்கலாம் என்பது குற்றச்சாட்டு. ரெமிங்டன் நிறுவனம் அதை மறுத்தே வந்தது. 1982க்கு முந்தைய துப்பாக்கிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சேஃப்டி போட்டிருந்தால் போல்ட் திறக்காது. தோட்டாவை வெளியே எடுக்கவே சேஃப்டியை விடுவிக்க வேண்டும். 2000இல், இதே மொண்டானாவில், வேட்டை முடித்து வந்த ஒரு தாய் தோட்டாவை எடுப்பதற்காகச் சேஃப்டியைத் தள்ளினார். துப்பாக்கி வெடித்தது. ஒன்பது வயது மகன் இறந்துபோனான். பின்னாளில் கூட்டு வழக்கின் சமரசப்படி விசையை இலவசமாக மாற்றித்தர நிறுவனம் முன்வந்தபோது, துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் மிகச் சிலரே. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

அந்தப் பழைய துப்பாக்கிக்குக் கனெக்டர் இல்லாத, டிம்னி நிறுவனத்தின் விசை வந்திருந்தது. இரண்டு பின்களைத் தட்டியெடுத்து மாற்றிப் பொருத்தும் வேலை சீக்கிரம் முடிந்தது. நேரம் பிடித்தது சோதனைக்குத்தான். தொழில் பழகும் இளம்பெண், துப்பாக்கியின் அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுப் போல்ட்டை ஓங்கி அடித்து மூடினாள். ரப்பர் சுத்தியலால் பல பக்கமும் தட்டினாள். சேஃப்டி போட்டு விசையை இழுத்து, விரலை எடுத்து, பிறகு சேஃப்டியை விடுவித்தாள். ஊசி அசையக் கூடாது. அசையவில்லை. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்தப் பொறுமைக்குத்தான் கூலி என்று எனக்குத் தோன்றியது.

மதியத்துக்கு மேல் வந்த ஒருவர் ஒரு பவுண்டுக்கு விசையை இறக்கித் தரச் சொன்னார். அரைக் கிலோவுக்கும் குறைவு. பட்டறைக்காரர் மறுத்தார்.

“மேசையில் வைத்துச் சுடும் போட்டிக்காரர்கள் அதற்கும் கீழே வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் பனியில் கையுறையோடு மலை ஏறப்போகிறீர்கள். விசையைத் தொட்டதே உங்கள் விரலுக்குத் தெரியாது.”

மூன்று பவுண்டு, அதற்குக் கீழே இல்லை என்றார். வந்தவர் வாதாடிப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். வேறு பட்டறையில் செய்துகொள்வாரே என்று கேட்டேன். “செய்துகொள்ளலாம். என் கையால் இல்லை” என்றார் அவர்.