கபுறடியில் ஒரு குரல்

சுமாத்திராவின் வடகோடியான அச்சேயின் நடுவே, தாவார் ஏரியைச் சூழ்ந்த மலைநாட்டில் காயோ மக்கள் வாழ்கின்றனர். நெல்லும் கோப்பியும் அவர்தம் சீவனோபாயம், சமயம் இஸ்லாம். மையித்தை அடக்கியபின் நிகழும் ஒரு சிறு சடங்கு, இம்மக்களைப் பல்லாண்டுகள் இரு அணிகளாக்கிற்று. அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் போவன் 1970களின் இறுதியிலிருந்து அங்கு தங்கி ஆராய்ந்து, 1993இல் வெளியிட்ட நூலில் அவ்விவாதத்தை விரிவாக எடுத்துரைக்கிறார்.

தல்கீன் என்பதே அச்சடங்கு. ஷாபி மத்ஹபு வழிவந்த ஈழத்து முஸ்லிம் ஊர்களுக்கும் அது புதியதன்று. மண் மூடப்பட்டதும் ஒருவர் கபுறின் தலைமாட்டில் அமர்ந்து, இறந்தவரைத் தாயின் பெயர் சொல்லி விளிப்பார். முன்கர், நகீர் என்னும் வானவர் வந்து இறைவன் யார், நபி யார் என வினவுவர். அஞ்சாது இன்னவாறு விடையளி என ஓதிக்கொடுப்பார். தாயின் பெயர் தெரியாவிடின் ஹவ்வாவின் பிள்ளையே என்று அழைப்பதுண்டு. ஊர்பேர் அறியாது மாண்டவனுக்கும் தாய் ஒருத்தியைத் தேடிக்கொடுத்த அவ்வழக்கின் கனிவு வியக்கத்தக்கது.

காயோ ஊராட்சி ரெஜெ, இமெம், பெத்துவெ, குடிமக்கள் என நால்வகைப்பட்டது. அடக்கச் சடங்குகள் இமெமின் பொறுப்பு. அவரது அதிகாரம் ஊர் அளித்த பதவியினின்று பிறந்தது. 1904இல் ஒல்லாந்தர் இம்மலைநாட்டைக் கைப்பற்றினர். பின்னர் கரையோரத்திலிருந்து பாதை வந்தது. பாதை வழியே வணிகரும் அச்சுநூல்களும் சீர்திருத்தக் கருத்துக்களும் வந்தன. 1930களில் தக்கெங்கொன் பட்டினத்துச் சீர்திருத்தவாதிகள் இமெமை நோக்கி, இதற்கு ஆதாரம் யாது என வினவலாயினர். பதவியை நோக்கி எவரும் முன்னர் எழுப்பாத வினா அது.

தல்கீனுக்குக் காட்டப்படும் நபிமொழி பலவீனமானது. கபுறில் உள்ளோரைக் கேட்கச் செய்ய எவராலும் இயலாதெனக் குர்ஆனே கூறுகிறது என்பது சீர்திருத்தவாதிகள் வாதம். பத்ருப் போரில் மாண்டவர்களை நோக்கி நபிகளார் பேசினாரன்றோ, பலவீனத்தை அறிந்தே இமாம் நவவி தல்கீனை விரும்பத்தக்கதென்றாரன்றோ என்பது மறுதரப்பின் விடை. மூன்றாம், ஏழாம், நாற்பத்துநான்காம் நாட் கந்தூரிகள் குறித்த வாதத்தில் சீர்திருத்தவாதிகளின் கையே ஓங்கியிருந்தது எனலாம். ஜஃபர் வீழ்ந்த செய்தி கேட்டு, அவர் குடும்பத்துக்கு உணவு சமைத்தளிக்குமாறு பணித்தவர் நபிகளார். துயருற்ற வீடே ஊருக்கு உணவிடுவது தலைகீழான வழக்கு.

ஆயினும் தல்கீன் அவ்வளவு எளிதில் ஒழியவில்லை. தீர்மானிக்க வேண்டியவன் நூல் கற்றவனல்லன். தந்தையை மண்ணில் வைத்த மகன். ஓதியது வீணெனில் நட்டம் சில சொற்கள் மட்டுமே. ஓதாது விட்டு, அது வேண்டியிருந்ததெனில், தந்தையை விசாரணைக்குத் தனியே விட்டவனாவான் அவன். இக்கணக்கின்முன் நபிமொழியின் அறிவிப்பாளர் வரிசை பற்றிய வாதம் வலுவிழந்து நிற்பதில் வியப்பில்லை. இமெமின் செல்வாக்கு நிலைத்ததும் இதனாலேயே.

சீர்திருத்தவாதியும் உடனே வீடு திரும்புபவனல்லன். அடக்கியபின் கபுறடியில் நின்று, சகோதரனுக்காக உறுதியை வேண்டுங்கள், அவன் இப்போது விசாரிக்கப்படுகிறான் என நபிகளார் கூறியதை அவனும் ஏற்கிறான். விசாரணை நடக்கிறது என்பதில் இருவர்க்கும் ஐயமில்லை. ஒருவன் மேலே நோக்கி இறைவனிடம் பேசுகிறான். மற்றவன் குனிந்து மண்ணோடு பேசுகிறான்.