பழைய இஞ்சினும் பழைய பள்ளிக்கூடமும்



ஈப்போவில் எங்கள் பள்ளியின் பெற்றோர் சந்திப்பு நாளன்று, லோரி ஓட்டுநராகிய ஒரு தந்தை என்னிடம் சொன்னார்: "அந்தக் காலத்து டீசல் இஞ்சின் மாதிரி இப்ப வராது சார். பள்ளிக்கூடமும் அப்படித்தான்." நானும் தலையசைத்தேன். வீடு திரும்பிய பின்னர்தான் மனம் உறுத்தியது.

நான் இஞ்சின் ஓசையில் வளர்ந்தவன். சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் என் தந்தையார் இஞ்சின் கொட்டகையைக் கவனித்து வந்தார். அங்கிருந்தது இங்கிலாந்தின் டர்ஸ்லி நகரில் செய்யப்பட்ட லிஸ்டர் இஞ்சின். 1929இல் அறிமுகமாகி 1987 வரை தயாரிக்கப்பட்ட வகை. ஒற்றைச் சிலிண்டர், இருபுறமும் கனத்த சக்கரங்கள், நிமிடத்திற்கு ஏறத்தாழ 650 சுற்றுகள். மெதுவாக ஓடுவதால் தேய்மானம் குறைவு. டீசல் இஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பேட்டரியும் இன்றிக் கைப்பிடியைச் சுற்றியே கிளப்பலாம். மின்னணுக் கருவி ஏதுமில்லாததால், பழுதானாலும் ஸ்பேனர் கொண்டே சீராக்கலாம். பழைய லோரிகளும் படகுகளும் நம்பகமானவை எனப் பெயர் பெற்றதற்கும் இந்த எளிமையே காரணம்.

இரவு பத்து மணிக்கு லயத்தில் விளக்கு அணைந்துவிடும். 1980இல் ஐந்தாம் ஆண்டு மதிப்பீட்டுத் தேர்வுக்கு நான் படித்தபோது, அப்பா ஓரிரவு அரைமணி நேரம் கூடுதலாக ஓடவிட்டார். மறுநாள் அலுவலகத்தில் அவருக்கு எச்சரிக்கை கிடைத்தது.

ஆயினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. அந்த இஞ்சின் தானாக ஓடவில்லை. நாள்தோறும் துடைத்து, காலந்தவறாமல் எண்ணெய் மாற்றி, ஓசையைக் கேட்டே நோயறிந்த கைகள் அதை ஓட்டின. கொட்டகையின் பின்புறம் வேறிரண்டு இஞ்சின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றின் உறுப்புகளைக் கழற்றித்தான் இது உயிர்வாழ்ந்தது. அவ்விரண்டையும் இன்று யாரும் பேசுவதில்லை. ஓடியதை மட்டுமே பேசுகிறோம்.

புகையையும் மறந்துவிடுகிறோம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. அப்பாவின் நெடுநாள் இருமலுக்கு அதுவே காரணம் என்று நான் சொல்ல இயலாது. ஆனால், ஓட்டுநர்கள் சலித்துக்கொள்ளும் இன்றைய வடிகட்டிகளும் உணர்கருவிகளும் அந்தப் புகையைக் குறைக்கவே வந்தவை.

பள்ளியும் அவ்வாறே. என்னோடு முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களுள் பலர் புகுமுக வகுப்பையோ மூன்றாம் படிவத்தையோ தாண்டவில்லை. "எங்கள் காலத்துப் பள்ளி போல வருமா?" என்று பெருமை பேசுவோர், ஓடி முடித்த நாங்கள்தாம். நின்றுபோனவர்கள் பேசுவதற்கு அந்தக் கூட்டத்தில் இல்லை.

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே, பழமையில் போற்றத்தக்கது இரும்பன்று. அதைப் பேணிய கை. இவ்வாண்டு என் வகுப்பில் இரு மாணவர்கள் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கின்றனர். பள்ளி முடிந்தபின் நாள்தோறும் அவர்களோடு அமர்கிறேன்.

அரைமணி நேரம்தான். அப்பா கொடுத்த அளவு.