எட்டு நிமிடப் படமும் எங்கள் வேலியும்

திரைப்படம் என்றால் மூன்று மணி நேரம், ஆறு பாட்டு, இடைவேளையில் ஒரு சரை கச்சான் என்பதே நெடுங்காலமாக நம்மவர் கொண்டிருந்த இலக்கணம். அவ்விலக்கணத்துள் அடங்காத குறும்படத்தை அண்மைக்காலம் வரை நம்மிற் பலர் கண்டதேயில்லை. கண்டவரும் அதனைப் பெரும்படம் எடுக்கப் பழகுவோரின் பயிற்சிக் கொப்பியாகவே கருதினர். இன்று நிலை வேறு. 2015ஆம் ஆண்டு தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவிற் குறும்படத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது. இணையமோ உலகின் தலைசிறந்த குறும்படங்கள் பலவற்றைக் கட்டணம் எதுவுமின்றி நம் கைத்தொலைபேசியிலேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. கண்டெடுத்தல் எளிதாயிற்று, பகிர்தலும் எளிதாயிற்றா என்பதே என் ஐயம்.

இவ்வையம் எழுந்ததற்குக் காரணம் சத்யஜித் ரே. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென 1964இல் ஒரு சிறு படம் எடுத்துத் தருமாறும் அதனை ஆங்கிலத்தில் அமைக்குமாறும் அவரிடம் கேட்கப்பட்டது. அவரோ பேச்சே இல்லாத படமொன்றை எடுத்துக் கொடுத்தார். 'இரண்டு' என்பது அதன் பெயர். மாளிகைச் சிறுவனொருவன், யன்னலுக்கு வெளியே குடிசைச் சிறுவனொருவன்; இருவருக்கும் இடையே விளையாட்டுப் பொருட்களால் நடக்கும் ஒரு போட்டி. குடிசைப் பையன் ஏற்றிய பட்டத்தை மற்றவன் காற்றுத் துப்பாக்கியாற் சுட்டு வீழ்த்துகிறான். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பட்டம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இக்காட்சியை விளக்கவும் வேண்டுமோ? இப்படத்தை இணையத்தில் ஒரு நள்ளிரவிற் கண்டு, அந்த மகிழ்ச்சியிலேயே எங்கள் உறவினர் நாற்பது பேர் கூடியிருக்கும் வட்சப் குழுவுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்துக்குள் பெருவிரற் சின்னங்கள் ஏழோ எட்டோ வந்து சேர்ந்தன. படமோ பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறையாதது!

அனுப்புதல் வேறு, பகிர்தல் வேறு என்று அன்றுதான் எனக்குத் தோன்றிற்று. 1990இன் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், மண்ணெண்ணெயில் இயங்கும் மின்பிறப்பாக்கியை முற்றத்தின் மூலையில் இருத்தி, ஊரே கூடிப் படம் பார்த்ததை என் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். பார்த்த படங்கள் உயர்ந்தவை என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலானவை வெறும் சண்டைப் படங்கள். ஆயினும் ஒருவர் சிரித்தது மற்றவருக்குக் கேட்டது. மறுநாள் கிணற்றடியிலும் சந்தையிலும் அந்தப் படம் பேசப்பட்டது.

ஆதலின், அடுத்து நான் கண்டெடுத்த படத்தை எவருக்கும் அனுப்பவில்லை. கடந்த ஆண்டு ஆவணி விடுமுறையில் இரவல் வாங்கிய புரொஜெக்டருடன் வலிகாமத்தில் உள்ள பெரியப்பா வீட்டுக்குச் சென்றேன்.

நோமன் மக்லரன் என்ற கலைஞர் கனடாவின் தேசியத் திரைப்பட சபைக்காக 1952இல் ஆக்கிய 'அயலவர்' என்பதே அப்படம். எட்டு நிமிடம் ஓடுவது. அச்சபையின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். அடுத்தடுத்த வீட்டார் இருவர் சாய்கதிரைகளில் இருந்து பத்திரிகை படிக்கின்றனர். இரு வளவுக்கும் நடுவே ஒரு பூ மலர்கிறது. முதலில் இருவரும் அதன் மணத்தில் மயங்குகின்றனர், பின்னர் அது யாருக்குரியது என்ற வினா எழுகிறது, வேலி எழுகிறது, வேலித் தடியே வாளாகிறது. ஈற்றில் பூவும் எஞ்சவில்லை, வீடும் எஞ்சவில்லை, அவர்தம் மனைவியரும் கைக்குழந்தைகளும் எஞ்சவில்லை. உயிருள்ள மனிதரைப் பாவைகளைப் போல் நிறுத்தி, அசைவுக்கு அசைவு தனித்தனியே படம்பிடித்தமையால், அவர்கள் புல்லின்மேல் வழுக்கிச் செல்வதும் அந்தரத்தில் மிதப்பதும் பெரும் வேடிக்கையாக இருக்கும். ஒலியையும் மக்லரன் செயற்கையாகவே உருவாக்கினார். சீனாவில் யுனெஸ்கோவுக்காகப் பணியாற்றித் திரும்பிய அவரைக் கொரிய யுத்தம் கலக்கிற்று. அக்கலக்கத்தின் விளைவே இப்படம். ஒஸ்கார் பரிசு இதற்குக் கிடைத்தது விவரணப் படத்துக்குரிய பிரிவில் என்பதை வாசிக்கும் எவரும் புன்னகை கொள்வர். யாழ்ப்பாணத்தார் மட்டும் அதில் வியப்பெதனையும் காணார்.

ஏனெனில் வேலி நமக்குப் புதிதன்று. கதியால் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு விரற்கடை நகரும் எல்லையும், அதன்பொருட்டுக் காணி விற்று நடத்தப்படும் எல்லை வழக்கும் இம்மண்ணில் எத்தனை! பெரியப்பாவுக்கும் பக்கத்து வளவுக்காரருக்கும் இடையே பதினொரு ஆண்டுகளாக அத்தகைய வழக்கு நடக்கிறது. கிடுகு வேலி இருந்த இடத்தில் இப்பொழுது தகரம் நிற்கிறது. வீட்டில் வெள்ளையடித்திருந்த சுவரோ ஒன்றே ஒன்றுதான். அதுவும் அந்தத் தகர வேலியை நோக்கியிருந்தது.

இருபது பேர் வரையில் முற்றத்தில் இருந்தனர். பூவின் மணத்தில் அம்மனிதர் துள்ளியபோது சிறுவர்கள் உருண்டு சிரித்தனர். நில அளவையாளரை முன்னரே அழைத்திருந்தால் இத்துணை துன்பம் வந்திராது என்று ஒரு பெரியவர் தீர்ப்புரைத்தார். வேலித் தடி வாளானபோதும் சிரிப்பு ஓயவில்லை. குழந்தைகளின் காட்சி வந்தபோது முற்றம் அடங்கிவிட்டது.

படம் முடிந்ததும் பெரியப்பா என்னை அருகே அழைத்தார். "தம்பி, உந்தக் குழந்தையளைக் காட்டுற துண்டைச் சின்னனுகளுக்குக் காட்டாதை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மேலைநாடுகளிற் பாடசாலைகளுக்கு இப்படத்தைக் கொண்டு சென்றவர்களும் அந்தக் காட்சியையே வெட்டியெறிந்தனர் என்பதும், வியட்நாம் யுத்தத்தின்மீது மக்களின் மனம் மாறிய பின்னரே அது மீண்டும் சேர்க்கப்பட்டது என்பதும் அவர் அறியாதவை. அவருக்கு நான் மறுமொழி கூறவில்லை. ஆனால் அவர் கருத்து எனக்கு உடன்பாடன்று. அக்காட்சி நீங்கின் எஞ்சுவது வேடிக்கை மட்டுமே. வேடிக்கையை மட்டும் கண்ட பிள்ளை, சண்டை என்பது இரண்டு ஆண்கள் புல்வெளியில் உருள்வது என்றே எண்ணி வளரும். எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு எவரும் எதனையும் வெட்டிக் காட்டவில்லை.

புரொஜெக்டரை அணைத்தபோதுதான் தகரத்துக்கு அப்பாலும் கதிரைகள் இழுபடும் ஓசை கேட்டது. எத்தனை பேர் அங்கிருந்து பார்த்தனரோ அறியேன். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு மகன் சந்தியில் என்னை மறித்து, அந்தப் படம் இணையத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டான். முகவரியை அவன் தொலைபேசிக்கு அனுப்பினேன். இம்முறை பெருவிரற் சின்னம் வரவில்லை; மறுநாட் காலை, அந்தப் பூவை இருவரும் ஏன் பிடுங்கி நடவில்லை என்ற ஒரு கேள்வியே வந்தது. அதற்கு நான் எழுதிய பதில் நீண்டது; அவன் அதற்கும் மறுத்து எழுதியிருக்கிறான்.

வழக்கு மார்கழித் தவணைக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.