பழைய ரிவால்வரின் மதிப்பு

தமிழில் விலை, மதிப்பு என இரண்டு சொற்கள் உள்ளன. விலை சந்தையில் பிறப்பது. மதிப்போ பொருளுக்கும் உண்டு, மனிதருக்கும் உண்டு. நிலத்தின் மதிப்பு என்றும் சொல்கிறோம். ஊரில் அவருக்கு நல்ல மதிப்பு என்றும் சொல்கிறோம். இவ்விரு பொருளும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கும் பண்டங்கள் சில. வட இந்தியாவில் கைமாறும் பழைய ரிவால்வர் அவற்றுள் ஒன்று.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் வெப்ளி அண்டு ஸ்காட் நிறுவனம் செய்த இரண்டு ரிவால்வர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று .455 அளவுடையது, முதல் உலகப் போரில் பிரித்தானியப் படை அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது. மற்றொன்று .32, உருவில் சிறியது, வரலாற்றுப் பெருமை குறைந்தது. மேலைநாட்டுச் சேகரிப்பாளர் முதலாவதையே தேடுவார். இந்தியாவில் நிலைமை தலைகீழ். .455, .38 ஆகிய அளவுகள் இங்கே ‘தடைசெய்யப்பட்ட போர்’ என்னும் வகைக்குள் அடங்குகின்றன. குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல் தமிழில் யுத்தத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒலியில் ஒன்றுவது தற்செயல்தான்; ஆயினும் பொருத்தமானது. படையும் காவல்துறையும் கையாண்ட அளவுகள் குடிமக்களிடம் புழங்கக் கூடாது என்பதே இப்பாகுபாட்டின் அடிப்படை. அவ்வகைத் துப்பாக்கியை வாங்க மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். அதைப் பெறக்கூடியவர் மிகச் சிலர். வாங்குவோர் இல்லாத பொருளுக்கு விலையும் இல்லை. .32 வெப்ளியை மாவட்ட நிர்வாகம் வழங்கும் உரிமத்தைக் கொண்டே வாங்கலாம். எனவே அதன் விலை லட்சங்களில் பேசப்படுகிறது. ஒரே ஊரில், ஒரே நிறுவனத்தின் பெயரோடு வெளிவந்த இரண்டு துப்பாக்கிகளின் தலைவிதியைக் குழலில் பொறித்த ஓர் எண் தீர்மானிக்கிறது.

உரிமத்துக்கும் மரியாதைக்குமான உறவு பழையது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1878இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று இந்திய மொழி இதழ்களின் வாயை அடைத்தது; மற்றொன்று இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் பெற வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு அந்த ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது. அந்நிலையில் உரிமம் பெற்ற இந்தியர், ஆட்சியாளரின் நம்பிக்கையைப் பெற்றவர் என்றே கருதப்பட்டார். விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இனப் பாகுபாட்டை நீக்கியது. உரிமத்தைச் சூழ்ந்திருந்த மிடுக்கை அதனால் நீக்க முடியவில்லை. 2016 இறுதியில் நாட்டில் நடப்பிலிருந்த துப்பாக்கி உரிமங்கள் ஏறத்தாழ 33.7 லட்சம், அவற்றுள் 12.7 லட்சத்துக்கு மேற்பட்டவை உத்தரப் பிரதேசத்தில் மட்டும் இருந்தன. தமிழ்நாட்டின் எண்ணிக்கை 22 ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. பாதுகாப்புத் தேவை ஒன்றே இவ்வளவு பெரிய வேறுபாட்டை விளக்கிவிடாது. மணவீட்டிலும் தேர்தல் மேடையிலும் துப்பாக்கி எதைச் சொல்கிறது என்பதையும் சேர்த்தே இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த மிடுக்குக்குப் பெருவிலை ஏற்படுத்தியது 1980களின் நடுப்பகுதியில் வந்த இறக்குமதித் தடை. பதிவுபெற்ற போட்டியாளர் போன்ற சிலரைத் தவிர, தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கியை வரவழைக்கும் வழி அடைபட்டது. அன்று நாட்டுக்குள் இருந்த வெப்ளி, கோல்ட், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ஆகியவற்றின் எண்ணிக்கை இனிக் குறையலாமே தவிரப் பெருக வழியில்லை. துருப்பிடிப்பவை உண்டு, பறிமுதலாகிறவை உண்டு, காவல் நிலையக் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடப்பவையும் உண்டு. எஞ்சியவை ஆண்டுதோறும் அரியவை ஆகின்றன. துப்பாக்கிகளைக் குறைக்க விரும்பிய சட்டம், எஞ்சிய துப்பாக்கிகளை நகைகளாக்கிவிட்டது.

உரிமம் வழங்கும் அரசே உள்நாட்டுச் சந்தையின் முதன்மை உற்பத்தியாளராகவும் இருந்துவந்தது. கான்பூரில் அரசுத் தொழிற்சாலை செய்த .32 ரிவால்வர், வெப்ளியின் அமைப்பைத் தழுவியதே. போட்டியில்லாத சந்தையில் அதன் விலையை ஆலை நிர்ணயித்தது. கடினமான விசையைப் பற்றி வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். ஆகவே ‘மேட் இன் இங்கிலாந்து’ என்னும் முத்திரைக்குப் புதிய உள்நாட்டுத் துப்பாக்கியைவிடப் பன்மடங்கு விலை கிடைத்தது. இயல்பான சந்தையில் பழையது புதியதைவிட மலிவாக இருக்கும். இங்கே முதுமையே மூலதனம்.

ஆனால் சுவை மாறும்போது அந்த மூலதனமும் அசைகிறது. இளைய உரிமதாரர்களிடம் தட்டையான பிஸ்டலுக்கு ஈர்ப்பு அதிகம். உருளை புடைத்து நிற்கும் ரிவால்வர் அவர்களுக்குத் தாத்தா காலத்துப் பொருள். 2020இல் வெப்ளி என்னும் பெயரே உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்துக்கு வந்தது; உள்ளூர்க் கூட்டாளியுடன் சேர்ந்து .32 ரிவால்வர் தயாரிப்பைத் தொடங்கியது. 2023இல் கான்பூரின் அரசு நிறுவனம், உருளை பக்கவாட்டில் திறக்கும் ‘பிரபல்’ என்னும் ரிவால்வரை வெளியிட்டது. பெயரும் வசதியும் புதிதாகவே கிடைக்கும்போது, பழையதை வாங்குபவர் எதை வாங்குகிறார்? இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்னும் செய்தியை மட்டும். அச்செய்தியை மதிப்பவர் இருக்கும்வரை விலை நிற்கும்.

பெயர் வைப்பதிலும் அரசியல் உண்டு. 2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு, 2014இல் பெண்களுக்கென்று கான்பூரில் ஓர் இலகுவான .32 ரிவால்வர் வந்தது. எடை 500 கிராம். பெயர் ‘நிர்பீக்’, அஞ்சாதது. ஊடகங்கள் அந்தப் பெண்ணுக்குச் சூட்டிய ‘நிர்பயா’ என்னும் பெயரின் எதிரொலி அது. விலை 1,22,360 ரூபாய். இரவுப் பேருந்தில் வீடு திரும்பும் பெண்களுள் எத்தனை பேரால் அத்தொகையைத் தர முடியும்? உரிமம், காவல்துறை விசாரணை, பயிற்சி ஆகியவை தனி. தெருவைப் பாதுகாப்பாக வைத்திருப்பது அரசின் கடமை. அக்கடமை இங்கே தனியார் வாங்கிக்கொள்ளும் பண்டமாக உருமாறியது. கைத்துப்பாக்கிச் சந்தையின் கதை முழுவதிலும் மிகவும் கசப்பான பகுதி இதுவே.

சட்டத்தின் கை நேரடியாக விழும் இடம் வாரிசுகளின் வீடு. உரிமதாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தம் பெயரில் உரிமம் கோரலாம். கிடைக்கும் என்னும் உறுதி இல்லை. விற்க நினைத்தாலும் உரிமம் உள்ளவருக்கே விற்க முடியும். 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. முதல் வரைவு ஒன்று என்றே சொன்னது. வாரிசுரிமையாக வருபவையும் அந்த இரண்டுக்குள் அடங்க வேண்டும். கூடுதலாக வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. இரட்டைக்குழல் துப்பாக்கியை விடுவதா, தந்தையின் ரிவால்வரை விடுவதா என்று வீடுகளில் பேசியாக வேண்டியிருந்தது.

அத்தகைய நேரத்தில் விற்பவருக்குக் கெடு இருக்கிறது, வாங்குபவருக்கு இல்லை. பேரத்தில் யார் தாழ்வார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெட்டகத்தில் இருந்தவரை லட்சங்கள் பெறுவதாகக் குடும்பம் நம்பிய பொருள், ஒப்படைப்புச் சீட்டாக மாறியதும் கேட்ட விலைக்குப் போகிறது. .455 அளவு என்றால் அதுவும் இல்லை. ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

குடிமக்கள் கையில் துப்பாக்கி குறைவது நல்லது. அந்த நோக்கத்தை ஏற்பவர்களும் ஒன்றைக் கேட்கலாம். எண்ணிக்கையைக் குறைத்த சட்டங்களால் துப்பாக்கியின் மிடுக்கை ஏன் குறைக்க முடியவில்லை? இறக்குமதியைத் தடுத்தால் விலை ஏறுகிறது; விலை ஏறினால் மிடுக்கு ஏறுகிறது; மிடுக்கு ஏறினால் உரிமத்துக்கான வரிசை நீள்கிறது. விலையை ஓர் அரசாணை ஒரே நாளில் மாற்றிவிடும். மதிப்பை மாற்ற, துப்பாக்கி இல்லாத மனிதரையும் காவல் நிலையம் மரியாதையோடு நடத்தும் காலம் வர வேண்டும்.