பிடங்கு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் வாழும் ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவர், தமது எண்பதாவது வயதில், துவக்கொன்றுக்குப் புதிய பிடங்கு தேடிப் புறப்பட்டார். கோயில், மருந்துக்கடை, தமிழ்ச் சங்க நூலகம் என்னும் மூன்று இடங்களுக்கு அப்பால் அண்மைக்காலத்தில் அவர் போனதில்லை. ஆதலால் வீட்டார் வியந்தனர். துவக்கு பொலிஸ் காவலிலேயே கிடந்து துருப்பிடித்துப் போகட்டும் என்பது மனைவியாரின் நெடுநாளைய விருப்பம்.

துவக்கு அவருடைய தந்தையாருடையது. செட்டிகுளத்து வயலைப் பன்றியிடமிருந்து காப்பதற்கென ஐம்பதுகளில் வாங்கப்பட்ட, பன்னிரண்டாம் துவாரத்து றெமிங்ரன் 870. முன்பிடியைப் பின்னிழுத்து முன்தள்ளினால் சுட்ட தோட்டாவின் கோது வெளியே விழ, அடுத்த தோட்டா குழலடியில் ஏறும். நம்மவர் இவ்வகையை ‘ரிப்பீற்றர்’ என்றே வழங்கினர். 1950இல் அமெரிக்காவில் வெளிவந்த இவ்வகைத் துவக்கு பின்னர் ஒரு கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. மற்ற விவசாயிகள் ஒற்றைக்குழலோடு நிற்க, இவர் வீட்டில் மட்டும் ரிப்பீற்றர் இருந்தது ஊரில் ஒரு பெருமை. பெருமைக்கேற்ற தொல்லையும் உண்டு. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது, இவருக்கு மட்டும் இரண்டு கேள்வி கூடுதலாக வரும். 1971 ஏப்ரில் கிளர்ச்சியின்போது துவக்கு பொலிஸ் நிலையம் போய்த் திரும்பியது. தந்தையார் மறைந்தபின் மகனின் பெயரில் கொழும்புக்கு வந்தது. கொழும்பில் பன்றி இல்லை. அலுமாரியின் பின்புறத்தில், துணி சுற்றி, ஐந்து தோட்டாக்களோடு அது நின்றது.

1983 யூலை 25ஆந் திகதி, திங்கட்கிழமை. ஒழுங்கையின் முகப்பில் புகை எழுந்தபோது அவர் அலுமாரியைத் திறந்தார். தோட்டாக்களை ஏற்றினார் என்றும், பின்னர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார் என்றும் பிற்காலத்தில் ஒருமுறை மாத்திரம் சொல்லியிருக்கிறார். ஐந்து தோட்டா தீர்ந்தபின் என்ன என்பதே அவருடைய கணக்கு. பொறியியலாளரின் கணக்கு அது. பிழையென்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. பின்மதிலுக்கு அப்பால் சிங்களக் குடும்பமொன்று கைநீட்டி நின்றது. முதலில் எட்டு வயது மகளைத் தூக்கிக் கொடுத்தார். அடுத்துக் கைக்குழந்தையான மகனை. பிறகு மனைவியை ஏற்றிவிட்டார். கடைசியாகத் துவக்கை நீட்டியபோது அது கைநழுவித் துணிதுவைக்கும் கல்லின்மேல் விழுந்தது. பிடங்கின் கழுத்தில் விரலளவு நீளத்துக்கு வெடிப்பு. அவர் மதிலேறிக் குதித்துச் சில நிமிடங்களில் வீடு எரிந்தது. அடைக்கலம் தந்தவர்கள் துவக்கைக் கண்டு அஞ்சியதும் இயல்பே. மறுநாள் அது பொலிஸ் பொறுப்பிற் போயிற்று.

திரும்ப வந்தது 2009இன் பின், பல விண்ணப்பங்கள் கழித்து. எண்ணெய்ப் பூச்சினால் இரும்பு தப்பியிருந்தது. மரத்தைப் புழு தின்றிருந்தது. பழைய வெடிப்பின்மேல் யாரோ கம்பி சுற்றியிருந்தனர்.

வெடிப்பு கழுத்தில் விழுந்ததில் வியப்பில்லை. கையால் பற்றுவதற்காகப் பிடங்கு மெலிக்கப்படும் இடம் அது. துவக்கு உதைக்கும்போது தாக்கமெல்லாம் அவ்வழியே தோளுக்குச் செல்கிறது. மரத்தின் நார் கழுத்தினூடே நேராக ஓடினால் அது தாங்கும். குறுக்கே வெட்டி ஓடினால் என்றோ ஒருநாள் பிளக்கும். இந்தத் துவக்கில் பிடங்கின் உள்ளே நெடுக ஒரு துளையும், அதனூடே இறுக்கும் நீண்ட திருகாணி ஒன்றும் உண்டு. ஆகவே பழையதைக் கழற்றுவது எளிது. புதியதிலே அத்துளை சற்றே கோணினாலும் கட்டை இரும்போடு பொருந்தாது.

எம்மரம் என்பதே முதற் கேள்வியாயிற்று. ரொறன்ரோவில் வாழும் மகன், ஆயத்தமாக விற்கும் நெகிழிப் பிடங்கு மலிவு என்றும், மழையும் கறையானும் அதனை அணுகா என்றும் தொலைபேசியிற் கூறினான். கூறியது உண்மை. ஆயினும் சுடுகலனின் உறுப்பை அனுமதியின்றித் தபாலில் வருவிக்க முடியாது. அனுமதிக்கு அலைந்த கால்கள் மறுபடியும் அலைய மறுத்தன. பழைய பிடங்கு வால்நட் எனப்படும் அக்குறோட்டு மரத்தாலானது. அது இங்கு விளைவதில்லை. முதிரையை அவர் விரும்பினார்: வன்னியின் மரம், பொன்னிற மினுக்கம். ஆனால் அக்குறோட்டு கன அடிக்கு நாற்பது இறாத்தல் அளவில் நிற்க, முதிரை அறுபதை எட்டும். துவக்கின் பின்புறம் கனத்துக் குழல் மேலெழும். தேக்கு நொறுங்கும் இயல்பினது. இவ்வாறு கொப்பியில் நிரல் எழுதி, அடித்து, மீண்டும் எழுதி, ஒரு மாதம் கழிந்தது.

கொட்டாஞ்சேனையில், புனித லூசியாள் பேராலயத்துக்கு அப்பாலுள்ள குறுந்தெருவொன்றில், துவக்குத் திருத்தும் உத்தரவு பெற்ற முதியவர் ஒருவர் இருக்கிறார். கொப்பியைப் பார்த்த அவர் சிரித்தார்.

“பூவரசை மறந்துட்டீங்களே, ஐயா.”

பூவரசு! யாழ்ப்பாணத்து வேலிகளில் கதியாலாக நின்று, ஆட்டுக்குக் குழையும் சிறுவர்க்கு ஊதுகுழலும் தருகின்ற மரம். வண்டிச் சட்டத்துக்கும் துவக்குப் பிடங்குக்கும் அதனைப் பயன்படுத்தும் வழக்கம் இந்நாட்டிலும் தென்னிந்தியாவிலும் பழையது. நார் நெருக்கமானது, அதிர்வைத் தாங்கும், முற்றிய வைரம் கருஞ்சிவப்பாக அக்குறோட்டையே ஒத்திருக்கும். வேலியில் நின்ற காரணத்தால் அது கொப்பியில் இடம்பெறவில்லை போலும்.

இரண்டாவது கேள்வியை முதியவரே எழுப்பினார். “அளவு யாருக்கு?”

பழைய பிடங்கின் அளவையே எடுக்குமாறு பெரியவர் கூறினார். முதியவர் அளந்தார்: விசையிலிருந்து பிடங்கின் அடிவரை பதினான்கு அங்குலம். “இது வெள்ளைக்காரன் கைக்கு வெட்டினது. உங்க அப்பாவுக்கே நீளமா இருந்திருக்கும்.” இருந்தது. தந்தையாரின் கன்னத்தில் மழைக்காலம் முழுவதும் நீலம் பாரித்திருக்கும். குறியும் பெரும்பாலும் தப்பும். மகன் அதனை வீரத்தின் அடையாளமென எண்ணி வளர்ந்தவர். இவ்வகைத் துவக்கின் குழல் நுனியில் ஒரு மணி மட்டுமே உண்டு, பின்குறி கிடையாது. சுடுபவரின் கண்ணே பின்குறி. பிடங்கின் நீளமும் கன்னம் படியும் மேட்டின் தாழ்வும் உடலுக்குப் பொருந்தாவிடின் கண் ஓரிடத்திலும் குழல் வேறிடத்திலும் நிற்கும். அளவு என்பது அழகுக்காக அன்று.

வயலை இப்போது பார்ப்பவள் மகள். போர் முடிந்தபின் வேலையை விட்டுச் செட்டிகுளம் சென்றாள். காலபோகத்தில் கதிர் முற்றும் வேளை பன்றிகள் வருகின்றன. காவலுக்கு ஆள் பிடிப்பது அரிது. அனுமதிப்பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி இரண்டாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை. தாம் சுடாத துவக்கை மகள் சுடுவதில் அவருக்கு ஏதோ இடறியது. பிடங்கை மாற்றினால் அந்த வெடிப்பும் போய்விடுமே என்பது இன்னொன்று. கம்பி சுற்றிய அக்கழுத்தை அவர் சில மாலைகளில் விரலால் தடவிக்கொண்டிருந்ததை வீட்டார் கண்டிருக்கின்றனர்.

“பதினாலே வெட்டுங்கோ, பிறகு குறைக்கலாம்,” என்றார்.

“குறைக்கலாம். குறைக்கிற வரைக்கும் சுடுறவங்களுக்குக் கன்னம் வீங்கும்,” என்றார் முதியவர்.

அடுத்த வாரம் மகள் வவுனியாவிலிருந்து ரயிலில் வந்தாள். கொட்டாஞ்சேனைக் கடையில், துவக்கின்றி, மரச்சட்டம் ஒன்றை வைத்து அளவு பார்க்கப்பட்டது.

“கையை மடி, பிள்ளை,” என்றார் தந்தையார்.

முழங்கையின் மடிப்பிற் சட்டத்தின் அடி பொருந்த, சுட்டுவிரலின் முதற்கணு விசை இருக்கவேண்டிய இடத்தைத் தொட்டது. பன்னிரண்டே முக்கால் அங்குலம். சட்டத்தில் கன்னத்தை வைத்துப் பார்க்கச் சொன்னபோது அவள் உடனே வைக்கவில்லை.

“அண்டைக்கு என்னைத்தானே முதல் தூக்கிக் குடுத்தீங்கள், அப்பா,” என்றாள். “துவக்கைக் கடைசியாத்தான்.”

பெரியவர் விடை கூறவில்லை. கொப்பியை எடுத்து, பதினான்கு என்றிருந்ததை அடித்து, பன்னிரண்டே முக்கால் என்று தம் கைப்பட எழுதினார். எவருடைய பெயருக்கு என்று முதியவர் கேட்க, மகளின் பெயரையும் அதன்கீழ் எழுதினார்.

பூவரசங்கட்டை இன்னும் மூன்று மாதம் நிழலில் உலரவேண்டும். கொழும்பின் ஈரக்காற்றில் அவசரப்பட்டுச் செதுக்கினால் திருகும். முதலில் நெடுந்துளையை இட்டு, அதை நடுவாக வைத்தே வெளிப்புறத்தைச் செதுக்கப்போவதாக முதியவர் கூறினார். பயிர் குடலைப் பருவம் அடையுமுன் பிடங்கு ஆயத்தமாகிவிடுமாம்.